முதல் பக்கத்துக்கு நானே மாற்றிய பெயர்

மெர்சி கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஃபேன்."

"என்ன மெர்சி?" என்றேன்.

"ஃபேனைக் குறை ரூபி. குளிருது."

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கொண்டுவந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கழுத்தைச் சுற்றிக் கட்டு. கட்டின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் குழாய். உதடு காய்ந்து வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. ஆனால் குரல் மட்டும் மணி மாதிரி. தூங்கி எழுந்தவள் கொஞ்சம் கரகரக்க வேண்டாமோ? அதுகூட இல்லை.

சொன்னதும் ஓடிப்போய் ஃபேனைக் குறைத்தேன். பார்க்கிறவர்கள் தோழி பிழைத்து வந்த சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். சந்தோஷமாவது ஒன்றாவது! எனக்கு வயிறு எரிந்தது.

அதே ஆபரேஷன். கழுத்தில் தைராய்டு கட்டி. அதே டாக்டர், அதே மாடி. எனக்கு நடந்து ஏழெட்டு மாதம் கழித்து அவளுக்கு. நான் கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் ஸ்டீபனைப் பார்த்து "தண்ணி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காஸ்கெட் போன குக்கர் மாதிரி வெறும் காற்று வந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தாள். "பேஷன்ட் எப்படி இருக்காங்க?" என்றாள். "நல்லா இருக்கா" என்று நான் சொன்னேன். இன்னும் பாதி காற்றாகவே வந்த என் குரலைக் கேட்டதும் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படுக்கையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ஆபரேஷன் ஆனது உங்களுக்கா, அவங்களுக்கா?"

மெர்சி சிரித்தாள். கட்டுப் போட்ட கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கணீரென்று சிரித்தாள்.

பத்தொன்பது வருஷம்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வாய் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே வயதாகிக்கொண்டிருக்கிறவள். ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டோடு வந்துவிட்டேன். எங்கள் சபையின் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள்.

மெர்சி என் இடது பக்கம் நிற்பாள். இருவரும் ஒரே வருஷம் திடப்படுத்தல் எடுத்து சபையின் முழு அங்கத்தினர் ஆனவர்கள். ஒரே தையல்காரரிடம் ரவிக்கை தைத்தவர்கள். அவள் குரலும் நல்ல குரல்தான். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை தனிப்பாடல் என்னுடையது.

அது பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு தியானங்கள். தாகத்தைப் பற்றிய ஐந்தாம் தியானம் முடிந்ததும் ஒரே ஒரு குரல் எழும்ப வேண்டும். பத்தொன்பது வருஷம் அது என் குரல். அந்தப் பாட்டின் மூன்றாவது வரியில் ஓர் உயரமான இடம் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் அங்கேயே நிற்க வேண்டும். நான் நிற்பேன். இறங்க மனசே வராது.

அந்த ஆணவத்துக்கு எனக்குக் கிடைத்த வயிற்றெரிச்சலைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

இரண்டு பக்கங்கள்

பாட்டு தவிர எனக்கு சபையில் இன்னொரு வேலையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளை நான்தான் டைப் அடிப்பேன். சனிக்கிழமை காலையில் உறைகளும் துண்டுச் சீட்டுகளும் வீட்டுக்கு வந்துவிடும். மத்தியானத்துக்குள் அடித்து, சபை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அச்செடுத்துக்கொள்வார்கள். யாரும் திருத்திப் பார்ப்பதில்லை. ஸ்டெனோ அடித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

தாளுக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நன்றி அறிவிப்புகள். இரண்டாம் பக்கத்தின் அடியில் சுகவீனர் பட்டியல், அதாவது யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது. ஒருவர் தேறிவிட்டால் உறையில் காணிக்கை வைத்து, எதற்காக என்று எழுதிக் கொடுப்பார். அந்த வாரம் அவர் பெயர் இரண்டாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் போகும். செயலாளர் அதை வாசிக்கும்போது அவர் எழுந்து நிற்பார். வாசித்து முடியும்வரை நிற்க வேண்டும். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அதன் பிறகு அவருக்காக யாரும் ஜெபிப்பதில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பதும் இல்லை.

என் பெயர் இரண்டாம் பக்கத்தில் ஜூன் மாத வாக்கில் ஏறியது. வாராவாரம் என் பெயரை நானே அடித்தேன். எனக்கு முன்னால் இருந்த கண் ஆபரேஷன் தாத்தா போனார். எனக்குப் பின்னால் வந்த டெங்கு காய்ச்சல் பையன் போனான். மாடிப்படியில் உருண்ட பொம்பளை போனாள். நான் அங்கேயே இருந்தேன்.

மெர்சி பெயர் எத்தனை வாரம் இருந்தது தெரியுமா? ஒரே ஒரு வாரம்.

அவரவர் வார்த்தை

இத்தனை வருஷம் டைப் அடித்ததில், விழுந்தவர்கள் எழுந்ததை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எலும்பு முறிந்தவர்கள் "மறுபடியும் காலூன்றி நடக்கச் செய்ததற்காக" என்பார்கள். வேலை போய் வேலை கிடைத்தவர்கள் "புதிய வாசலைத் திறந்ததற்காக." கடையை மூடிவிட்டு மறுபடி திறந்த ஒருவர் "தலைநிமிர வைத்ததற்காக" என்று எழுதி, 'தலைநிமிர' என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தார். யார் அவரைத் தலைகுனிய வைத்தார்களோ, அவர்களும் அன்று கோவிலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்தில் இப்படி. வாய்ப்பேச்சில் வேறு. "தேறிட்டா", "சுதாரிச்சுக்கிட்டா", "எழுந்து உக்காந்துட்டா". கடனில் மூழ்கியவர்களுக்கு "தலையெடுத்துட்டாங்க". வாசலுக்கு வரும் காய்கறி வண்டி கௌரம்மா கன்னடத்தில் "ஹுஷாராத்ரா அக்கா?", தேறிட்டீங்களா, என்பாள். கறிக்கடை பாய் உருதுவில் "சம்பல் கயே நா?", சுதாரிச்சுட்டீங்கதானே, என்று எலும்பை வெட்டிக்கொண்டே கேட்பார். தொம்மலூரில் ஆபீஸ் போகிற என் மகள் ஷாலினி, "நீ பவுன்ஸ் பேக் ஆயிடுவ மம்மி, யூ ஆர் எ ஃபைட்டர்" என்றாள். நான் என்ன ரப்பர் பந்தா?

எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் எனக்கு எல்லாமே குத்தியது. கேஸ் புக் பண்ண போன் போட்டால் "சொல்லுங்க சார்" என்றார்கள். ஸ்பீச் தெரபி பெண், டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று குமிழி விடச் சொன்னாள். ஐம்பத்து சொச்சம் வயதில் காலையும் மாலையும் சமையலறையில் நின்று குமிழி விட்டேன். "குரல் நரம்பு தூங்குது, எழுந்துக்கும்" என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டால் கையை விரித்தார். யார் மேலும் தப்பு இல்லை. சிலருக்கு அப்படி ஆகுமாம்.

அந்தச் 'சிலரில்' நான் இருந்தேன். மெர்சி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெர்சிக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் அவளுக்குத் தைரியம் சொன்னது நான்தான். என்ன சாப்பிட வேண்டும், எந்த நைட்டி எடுத்துப் போக வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அவள் குரல் போக வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. போகக் கூடாது என்றும் ஜெபிக்கவில்லை. போனால் ஒரு துணை இருக்கும் என்று மட்டும் ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது நினைத்தேன். இரண்டு டம்ளர், இரண்டு ஸ்ட்ரா வரைக்கும் யோசனை போய்விட்டது.

மூன்று வரி

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மெர்சியின் உறை வந்தது. உள்ளே அழகான கையெழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள். கத்தி பட்ட இடத்தில் காயம் இல்லாமல் காத்து, பயந்தது ஒன்றும் நடக்காமல் தடுத்து, மறுபடியும் துதித்துப் பாட வைத்ததற்காக என்று.

அந்தச் சீட்டை நான் நாலைந்து தடவை படித்தேன். 'பயந்தது' என்ற வார்த்தை என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. அவள் பயந்தது நான்தானே? ரூபி மாதிரி ஆகிவிடுவோமோ என்றுதானே?

டைப் அடித்தேன். "சுகம் பெற்றதற்காக: திருமதி மெர்சி." முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அதை வாசித்தார். மெர்சி புடவைத் தலைப்பைச் சரிசெய்து எழுந்து நிற்பதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது. அவள் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வரி எழுதிக் குடுத்தேனே ரூபி?"

"எடம் பத்தல."

"கீழ பாதிப் பக்கம் காலியா இருந்துச்சு."

"அலைன்மென்ட் பிராப்ளம்" என்றேன்.

"சரி மேன், விடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்துக் கை நீட்டினாள்.

எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை இருந்தது. வழியில் சபையின் இரண்டு பெண்கள் கூடவே நடந்து வந்தார்கள். "மெர்சி எவ்ளோ சீக்கிரம் தேறிட்டா பாத்தியா! எல்லாம் மனோதைரியம்தான். மனசு தெம்பா இருந்தா ஒடம்பு கேக்கும்" என்றாள் ஒருத்தி. என்னிடமே சொல்கிறாள்! அப்படியானால் எனக்கு மனசு தெம்பு இல்லை என்று அர்த்தமா? என் நரம்பு என் மனசைக் கேட்டா தூங்கப் போனது? வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

போன வருஷத்து ரூபி

மார்ச் வாக்கில் எனக்குப் பேச்சுக் குரல் ஓரளவு வந்துவிட்டது. கேஸ்காரர்கள் 'மேடம்' என்றார்கள். கொஞ்சம் தடித்த குரல், ஆனால் குரல்தான். பாட்டு மட்டும் வரவில்லை. கீழ் சுரங்கள் வந்தன. மேலே போனால், படியென்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல இருந்தது.

இப்போதெல்லாம் ஆராதனையை வீடியோ எடுத்துப் போடுகிறார்களே. ஒரு நாள் மத்தியானம் ஸ்டீபன் தூங்கும்போது போன வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமையைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் புடவையில் ஒருத்தி வந்து நிற்கிறாள். மூன்றாவது வரியில் எந்தக் கஷ்டமும் இல்லாமல் மேலே போய் நிற்கிறாள். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. முகத்தில் ஓர் அலட்சியம்கூட இருக்கிறது. எனக்கு அவள் மேலும் பொறாமை வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன்.

அந்த வாரம்தான் மாஸ்டர் போன் செய்தார். செல்வின் மாஸ்டர் எங்கள் குழுவை நடத்துகிறவர், ஆர்கனும் அவரே வாசிப்பார்.

"ரூபி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியேம்மா?"

"சொல்லுங்க மாஸ்டர்."

"இந்த வருஷம் சோலோவ மெர்சி பாடட்டும். நீ ரெஸ்ட் எடு. அவதான் நல்லா தேறிட்டாளே."

"அதுக்கென்ன மாஸ்டர், தாராளமா" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பாட்டு போனால் போகட்டும், ஆனால் மெர்சிக்கா? என் இடது பக்கத்திலிருந்து அவள் ஒரு அடி முன்னால் வைப்பாள். நான் பின்னால் நின்று அவள் முதுகைப் பார்க்க வேண்டும். மூன்றாவது வரி வரும். அவள் மேலே போவாள். அதைக் காதால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை காலை வழக்கம்போல உட்கார்ந்தேன். நன்றி அறிவிப்புகள் இரண்டே இரண்டுதான் வந்திருந்தன. அடித்துவிட்டு சுகவீனர் பட்டியலுக்கு வந்தேன். என் பெயரை அடித்தேன். அழித்தேன். முதல் பக்கத்துக்குப் போனேன்.

"இழந்த குரலை முன்னிலும் இனிமையாகத் திரும்பத் தந்ததற்காக: திருமதி ரூபி."

பல மாதமாக மனதுக்குள் வைத்திருந்த வாக்கியம் அது. குரல் வரும் நாளில் போட வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். 'முன்னிலும் இனிமையாக' மட்டும் அன்றைக்குச் சேர்த்தது. ஓர் உறையில் காணிக்கையை வைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் செயலாளர் என் பெயரை வாசித்ததும் ஸ்டீபன் திரும்பினார். "எப்பங்க வந்துச்சு ஒனக்கு?" என்று கிசுகிசுத்தார். பதற்றத்தில் எனக்கு 'ங்க' போட்டார் மனுஷன்.

"சும்மா இருங்க" என்று எழுந்து நின்றேன்.

கோவிலே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். எங்கள் சபையில் கை தட்டுவது வழக்கமில்லை, இருந்தும் தட்டினார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வெளியே மாஸ்டர் ஓடி வந்தார். "முன்னிலும் இனிமையான்னு போட்டிருக்கியேம்மா! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. அப்ப சோலோ உன்னோடதுதான். மெர்சி ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா, என்னா மெர்சி?"

மெர்சி பக்கத்தில்தான் இருந்தாள். கைப்பையைத் திறந்து பாட்டுத் தாளை எடுத்தாள். எங்கெங்கே மூச்சு எடுப்பது என்று பென்சிலால் சின்னச் சின்னதாகக் குறித்து வைத்திருந்தாள்.

"சந்தோஷம் ரூபி" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் தியானம்

அதற்குப் பிறகு இருந்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தது. ஒத்திகையில் "குரலை மிச்சம் பிடிக்கிறேன் மாஸ்டர்" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். "கீயை ரெண்டு எறக்குங்க" என்று கேட்டேன். "எல்லாருக்கும் வயசாகுதில்ல" என்று சிரித்துக்கொண்டே இறக்கினார். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்த இடத்தைத் தேடினேன். சுருதியை இரண்டு கீ இறக்கியும் அது எனக்கு எட்டவில்லை.

ஸ்டீபன் கதவைத் தட்டினார். "ரூபி, இன்னும் நேரம் இருக்கு. முடியலன்னு சொல்லிடு. யாரும் ஒன்ன கொற சொல்ல மாட்டாங்க."

முடியும் என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மெர்சி நன்றாகப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட, நான் கெடுத்துப் பாடுவதே மேல் என்று தோன்றியது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

பெரிய வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட குடிக்க மாட்டோம். ஏப்ரல் வெயில். கோவில் நிரம்பி, வெளியே பந்தலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளைப் புடவையில் வரிசையாக நின்றோம். மெர்சி என் இடது பக்கம். ஆயர் ஐந்தாம் தியானத்தில் தாகத்தைப் பற்றிப் பேசப் பேச என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆர்கன் ஆரம்பித்தது. ஒரு அடி முன்னால் வைத்தேன்.

முதல் வரி வந்தது. இரண்டாம் வரியும் வந்தது, கொஞ்சம் தடித்து. மூன்றாவது வரியில் மேலே ஏறினேன். மூச்சு போனது, சத்தம் போகவில்லை. கோவிலுக்குள் ஒரு கணம் வெறும் காற்று. பிறகு எப்படியோ கீழே இறங்கி வரியைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் ஆர்கனை அழுத்தி வாசித்து என்னை மூடினார். இரண்டாவது சரணத்தில் அந்தப் பக்கமே போகாமல் கீழேயே சுற்றி வந்து முடித்தேன். பின்னால் நகர்ந்து என் இடத்தில் நின்றேன். இடது பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கஞ்சி

ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். பயற்றங்கஞ்சியும் தேங்காய்த் துவையலும். டம்ளரோடு ஒரு மூலையில் போய் ஒதுங்கினேன். யாராவது வந்து கேட்கப்போகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

வந்தார்கள். "அப்படியே பழைய ரூபி!" என்று ஒரு அம்மா என் கன்னத்தைத் தொட்டார். "அழுதுட்டேன் ஆன்ட்டி" என்றாள் ஒரு பெண். செயலாளர் வந்து, "முன்னிலும் இனிமைன்னு போட்டது கரெக்ட்தான்" என்று கை குலுக்கினார்.

முதலில் அப்பாடா என்றிருந்தது. தப்பித்தேன்! அரை டம்ளர் கஞ்சி குடித்திருப்பேன், அதற்குள் கோபம் வந்தது. பழைய ரூபியாமே? அப்படியானால் பத்தொன்பது வருஷம் நான் போய் நின்ற அந்த இடத்தை இவர்கள் கேட்கவே இல்லையா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவர்களுக்கு ஒன்றுதானா? எதை இழந்தேன் என்று இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாதா?

மெர்சி தன் டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள். கஞ்சியை ஊதினாள்.

"மூணாவது வரியில ஒனக்குக் காத்துதான் போச்சு" என்றாள்.

நான் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டாவது சரணத்துல அங்க நீ போகவே இல்ல. கடைசியில ரெண்டு எடத்துல மூச்சு அதிகமா எடுத்த."

"யாரும் கண்டுபிடிக்கல" என்றேன்.

"அவங்கெல்லாம் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க. நான் ஒன்னத்தான் கேட்டுட்டு இருந்தேன். பத்தொன்பது வருஷமா எனக்கு அதானே வேல?" டம்ளரைக் கை மாற்றிக்கொண்டாள். "அந்த எடத்த நீ தொடறப்பெல்லாம் எனக்கு இங்க எரியும் ரூபி. ஒரே ஒரு வருஷமாச்சும் இவளுக்குத் தொண்ட கட்டிக்கக் கூடாதான்னு நெனச்சிருக்கேன். ஒனக்குக் குரல் போச்சுன்னு கேட்டப்ப ஒக்காந்து அழுதேன். எதுக்கு அழுதேன்னு எனக்கே புரியல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஞ்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். டாக்டரிடம் கேட்டு, தெரபி பெண்ணிடம் கேட்டு, யாரும் நேராகப் பதில் சொல்லாத கேள்வி.

"அது திரும்ப வருமா மெர்சி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது வரியை மனதுக்குள் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"பேச்சு வந்துருச்சு. கீழ பாட்டும் நல்லா வரும். அந்த எடம் வராதுன்னுதான் எனக்குத் தோணுது."

அத்தனை பேர் நடுவில், வெள்ளைப் புடவையோடு, கஞ்சி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். பெரிய வெள்ளிக்கிழமை என்பதால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. மெர்சி என்னைத் தேற்றவில்லை. தோளில் கை போடவும் இல்லை. நான் அழுது முடிக்கும்வரை நின்று, தன் கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

பிறகு டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள். "அடுத்த வருஷம் நான்தான் பாடுவேன். நீ பக்கத்துல நின்னு வயிறெரி. நான் எரிஞ்சது போதும்."

அடுத்த வருஷம் அவள்தான் பாடினாள். மூன்றாவது வரியில் மேலே போய், ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்று, பிறகு இறங்கி வந்தாள். நான் ஒரு அடி பின்னால் நின்று, ஒன்று விடாமல் கேட்டு, அவள் சொன்னபடியே செய்தேன்.